கருப்பு ஓஸும் கெமிஸ்ட்ரி டீச்சரும்

போன வருடம் காலாண்டு விடுமுறையில் நடந்தது இது. கொடைக்கானலில், மரப்பலகைத் தளம் போட்ட பழைய வீடு ஒன்றின் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் பிறந்து இருபது நாளே ஆன கைக்குழந்தை. எங்கள் மீன்தொட்டிக்கு நேர் கீழேதான் அது படுத்திருக்கும் தொட்டில்.

மீன் வளர்ப்பது என் பைத்தியம். இருநூறு லிட்டர் தொட்டி. உள்ளே இருக்கும் சின்ன மோட்டார், வெளியே உள்ள வடிகட்டிக்குத் தண்ணீரைத் தள்ளும். அந்த வடிகட்டியை மாற்றும்போது வெள்ளை பிவிசி பைப் ஒரு முழம் குறைந்தது. மழையில் கடைக்கு யார் போவது? தோட்டத்து கருப்பு ஓஸை வெட்டி, வெள்ளை பைப்புக்குள் நுழைத்து, பைப் ஒட்டும் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை, உறவினர் கல்யாணத்துக்காக மூன்று நாள் பயணமாக மதுரைக்குக் கிளம்பினோம். பெட்டி தூக்க மாடிக்கு வந்த வாடகைக் கார் ஓட்டுநர் தொட்டியருகே நின்றுவிட்டார். பக்கத்து மலைக்கிராமமான வடகவுஞ்சியில் பூண்டு விவசாயமும் பார்ப்பவர்.

"டீச்சர், கருப்பு ஓஸுல இந்தப் பசை பிடிக்காதுங்களே?"

"அதெல்லாம் கல்லு மாதிரி நிக்குது அண்ணே. வெரசா கிளம்புங்க" என்றேன், எரிச்சலோடு.

அவர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் இழுத்தார். ஓஸ் கையோடு வந்துவிட்டது. காய்ந்த பசை தோல் தோலாக உரிந்தது.

"சும்மா இறுக்கத்துல நின்னுருக்கு. மோட்டார் ஆடுற ஆட்டத்துக்கு நாளைக்கே கழண்டுக்கும். தண்ணி பூராம் கீழதான் எறங்கும்."

அப்போதுதான் கீழே இருக்கும் தொட்டில் நினைவுக்கு வந்தது. இந்தக் குளிரில் அவ்வளவு தண்ணீரும் பலகை இடுக்கு வழியே அந்தக் குழந்தையின் மேல்! பாலித்தீனை இந்த மாதிரிப் பசைகள் கரைக்காது, அதனால் ஒட்டவும் செய்யாது என்று வருடாவருடம் பாடம் நடத்துபவள் நான். தோட்டத்து ஓஸ் அந்தப் பாலித்தீன்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அவர் ஓடைத் தண்ணீரை ஓஸ் வழியே தன் பூண்டுக் காட்டுக்குக் கொண்டுபோகிறவர். அதற்காக வாங்கிக் காரில் வைத்திருந்த சாமான்களை எடுத்துவந்தார். வெள்ளை பைப்பில், உள்ளே திருகு மரை உள்ள பிவிசி மூட்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டினார். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் பிடித்துக்கொள்ளுமாம். குளிருக்கு மெதுவாகத்தான் காயும் என்று இரண்டு மணி நேரம் எங்களை உட்கார வைத்துவிட்டார். பிறகு அந்த மரையில் நிப்பிள் என்கிற குட்டி இணைப்புக் குழாயைத் திருகி, ஓஸ் முனையை வெந்நீரில் இளக்கி அதன்மேல் ஏற்றி, கிளிப் போட்டு முறுக்கினார்.

"இப்ப நீங்களே இழுங்க டீச்சர்."

இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இறங்கி வரும்போது, குழந்தையைத் தோளில் போட்டபடி அதன் அம்மா, "பாத்துப் போய்ட்டு வாங்கக்கா, வீட்ட நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நான் செய்ததில் யாராவது குறை சொன்னால், கோபப்படுவதற்கு முன் எழுந்து போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.