வலப்பக்கத்து மெழுகு

என் அப்பாவின் நினைவுநாளுக்கு அவர் கல்லறை இருக்கும் சேமக்காலைக்குப் போக அடுத்த வீட்டு மாஸ்ரரிடம் காரை இரவல் வாங்கினோம். எங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் மட்டும். பூச்சாடிகளையும் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு அதில் மானிப்பாயிலிருந்து அரியாலை வரை போக முடியாது. மாஸ்ரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மனைவி இறந்தபின் தனியே இருக்கிறார். கார்த் திறப்பைத் தரும்போது, "ரிவேஸ் கியர் கொஞ்சம் இறுக்கம், பாத்துப் போடும்" என்று என் கணவரிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

கல்லறையில் நல்ல காற்று. வாங்கிப்போன ஒரு கட்டு மெழுகுதிரியில் நாலுதான் நின்று எரிந்தது. மிச்சத்தைப் பின் சீற்றின் இடப்பக்கத்தில் போட்டுவிட்டு, கொஞ்சம் சுற்றி உரும்பிராய்க்குப் போய்க் கணவரின் தங்கை வீட்டில் மத்தியானம் சாப்பிட்டோம். சித்திரை வெயில். கார் முற்றத்தில் கண்ணாடி மூடியபடி நின்றது. நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது திரிகள் வளைந்து, உருகி, சீற்றுத் துணியில் ஊறியிருந்தன.

"நீதானே உதுகளை அங்கை போட்டனி?" என்றார் கணவர்.

"நீங்கள்தானே காரை வெயிலுக்கை விட்டனீங்கள்?"

வீட்டுக்கு வந்ததும் கேற்றைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினோம். அவர் சுடுதண்ணி என்றார். போனில் பார்த்த வீடியோ ஒன்று ஐஸ் வைக்கச் சொன்னது. இன்னொன்று அயன் பெட்டியால் சூடு காட்டச் சொன்னது. குளிரா சூடா என்பதிலேயே எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் இரண்டையும் செய்தோம். முதலில் ஐஸை ஒரு பையில் போட்டு வைத்து, இறுகிய மெழுகைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தோம். பிறகு கொப்பிக்கு உறை போடும் பிரவுண் பேப்பரை விரித்து, மேலே மெல்லிய சூட்டில் அயன் பெட்டியை வைத்தோம். மெழுகு பேப்பருக்கு ஏறி எண்ணெய் பட்டதுபோல் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் வலப்பக்க மூலையிலும் மெழுகைக் கண்டேன். ரூபாய்க் காசுக் குற்றியளவில் ஐந்தாறு துளிகள்.

"இஞ்சேருங்கோ, இது எப்பிடி இங்கை வந்தது? திரி அந்தப் பக்கமெல்லோ கிடந்தது?"

"பிறேக் அடிக்கேக்கை உருண்டிருக்கும்."

"உருண்டால் முன்னுக்கெல்லோ விழும்? அதோடை இது மஞ்சளாயும் கிடக்கு."

"வெயிலுக்கு மஞ்சளாகியிருக்கும். நீ எடு."

எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் எடுத்தேன். அந்தப் பேப்பரிலேயே மிச்சமிருந்த இடங்களில் அதுவும் ஏறியது. இப்போது மெழுகு எடுத்த இடங்கள் மட்டும் அழுக்குப் போய் வெளுப்பாகத் தெரிந்தன. அதை மறைக்க முழுச் சீற்றையும் சோப்புத் தண்ணியால் துடைக்க வேண்டி வந்தது.

காரைக் கொண்டுபோய் விட்டபோது மாஸ்ரர் பின்கதவைத் திறந்து, சோப்பு மணத்தை முகர்ந்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் வலப்பக்க மூலையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இதிலை கிடந்ததும் போயிட்டுதோ?"

"ஓம் மாஸ்ரர். அதுவும் எங்கடையோ எண்டு..."

"அது உங்கடை இல்லை, பிள்ளை. பேத்தியின்ரை ஞானஸ்நானத் திரி. கோயிலிலை கொளுத்தினதை அணைக்கக் கூடாதெண்டு வீடு வரைக்கும் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்தவ, என்ரை மனுசி. காருக்கை நெருப்பு வேண்டாமெண்டு நான் கத்தினனான். கேட்கேல்லை."

மாஸ்ரரின் மகளும் பேத்தியும் வெளிநாடு போய்ப் பல வருசமாகிறது. மாஸ்ரர் மெல்லச் சிரித்தார்.

"எத்தினை தரம் கழுவினவ! போகவேயில்லை. நீங்கள் என்னெண்டு எடுத்தனீங்கள்?"

அயன் பெட்டியையும் பேப்பரையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "அந்தப் பேப்பரை எறிஞ்சிட்டியளோ?" என்றார்.

கணவர் ஓடிப்போய்க் குப்பை வாளியிலிருந்து அதை எடுத்து வந்தார். மாஸ்ரர் அதை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிரவுண் பேப்பரில் மஞ்சள் எது வெள்ளை எது என்று தெரியாமல் எண்ணெய்ப் பொட்டுகள் ஒரே மாதிரி இருந்தன. "இதிலை எது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் ஓரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினேன்.

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிப் பேப்பரை மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனார்.

அவர் அப்படி உள்ளே போனது கவலையிலா, கோபத்திலா, அல்லது ஒரு தொல்லை தீர்ந்த நிம்மதியிலா என்று அன்றிரவு முழுக்க நாங்கள் கதைத்தோம். "சிரிச்சவர்தானே" என்றார் கணவர். சிரித்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை மாஸ்ரர் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "கார் தேவையெண்டால் கேளுங்கோ, கூச்சப்படாதேங்கோ" என்றார். நாங்கள் ஓம் என்று தலையாட்டினோம். ஆனால் அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போக முடியாதபோதெல்லாம் ஓட்டோதான் பிடிக்கிறோம். நாங்கள் ஓட்டோவில் ஏறுவதை அவர் தன் வாசலில் நின்று பார்க்கிறார். நாங்கள்தான் அவரோடு கோபம் என்று நினைக்கிறாரோ தெரியாது. போய்க் கேட்கவும் துணிவில்லை.