பேராற்றின் வடக்கு

ரிஸ்தன் பிறந்தது பேராற்றங்கரையில்தான். நதியின் நடுவே நார்வே, பின்லாந்து எல்லை ஓடுகிறது. அக்கரையில் அவளுடைய மாமன் வீடு. எல்லைக் கோடு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அவளுடைய ஆட்கள் இரு கரையிலும் சால்மன் மீன் பிடித்தவர்கள். ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் வைத்தவர்கள். அவர்களுக்குக் கடல் இருக்கிற பக்கம் வடக்கு. ஆறு எப்படி வளைந்தாலும் அது போகிற பக்கம் வடக்குதான், வருகிற பக்கம் தெற்கு.

இருபது வருடமாக அவள் நீர்மட்டம் அளந்து அரசு அலுவலகத்துக்குச் சொல்லி வருகிறாள். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் ஆற்றின் மேல் உறைந்த பனிக்கட்டி உடைகையில் மெய்சிலிர்த்து நிற்பாள். அந்த வருடம் நிற்க முடியவில்லை. வலை எடுக்கப் போன தம்பி நீலாஸின் காலடியில் பனி பிளந்தது. வீட்டளவு பாளம் ஒன்று அவனைச் சுமந்துகொண்டு மலைத் திருப்பத்தில் மறைந்தது.

அவள் கூப்பிட்டதும் ஹெலிகாப்டர் கிளம்பியது. விமானி ஹெய்கா வேறொரு ஆற்றங்கரைக்காரன்.

"எந்தப் பக்கம் போனாரு, அக்கா?"

"வடக்க! சீக்கிரம் போ!"

கால் மணி நேரத்தில் ரேடியோவில் அவன் குரல் வந்தது. "வடக்க வெறும் மலைதான் இருக்கு."

"மலை மேல ஆறு ஓடுமாடா? கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தியவளுக்குச் சட்டென்று உறைத்தது. மலைத் திருப்பத்தில் ஆறு கடலுக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு மைல் பின்னோக்கி ஓடும். அவன் திசைகாட்டும் கருவியைப் பார்த்துப் பறந்திருக்கிறான்; அதன் வடக்கு வேறு. ஒரே சொல்லால் தம்பியைக் கொன்றுவிட்டேனோ! நடுப்பகல்; அந்த ஊரில் அப்போது சூரியன் தெற்கே நிற்கும். வாழ்நாளில் முதல் முறையாகத் திசைக்குச் சூரியனைப் பார்த்தாள்.

"சூரியன் உன் மூஞ்சிக்கு நேரா இருக்கணும். அப்படியே பற!"

பாளம் பாதியாகத் தேய்ந்திருந்தது. முழங்கால் நீரில் நின்றிருந்த நீலாஸைக் கயிறு கட்டித் தூக்கினார்கள்.

"மலைக்கு அந்தப் பக்கம் யாரைத் தேடுன? கரடியையா?" என்றான் அவன், பல் தந்தியடிக்க.

"உங்கக்கா வடக்குன்னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்கா!"

ஹெய்கா குனிந்து பார்த்தான். கீழே பேராறு மொத்தப் பனியையும் உருட்டிக்கொண்டு தெற்கே இறங்கி, மலையைச் சுற்றி, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"வீடு எங்கண்ணே?" என்று கேட்டான்.

"தெக்க."

கருவிப்படி அந்தப் பக்கம் வடக்கு. ஹெய்கா அதைப் பார்க்கவில்லை. ஆற்றை எதிர்த்து மேலே பறந்தான். கரையில் ரிஸ்தன் நின்றிருந்தாள்.