கதவும் ஒரு கைவேலைதான்

லிப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் 'சட்டப்புலி' என்று பெயர். லிப்ட் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தால் போதும், பன்னிரண்டு மாடிக்காரர்களையும் படியேற வைத்துவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பெண்டாட்டி பிரிந்து போனதற்கும் அதுதான் காரணம் என்று அவருடைய தம்பியே சொல்வான்.

அம்மாவோடு போய்விட்ட மகள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவாள். அப்பாவைப் பார்க்க அல்ல, ஆட்டத்துக்கு. சாப்பாட்டு மேசையில் தாளும் இருபது முகப் பகடையும் வைத்து ஆடும் கதையாட்டம். அவர் கதை சொல்லி நடத்துவார். பூதம் பேய்களுக்கெல்லாம் அவரே பகடை உருட்டுவார். தம்பிக்கு ஒரு வீரன், மகளுக்கு ஒரு வாள்காரி. நான்கு வருஷமாக அதே வாள்காரி. "இவ செத்தா அதோட நான் வரமாட்டேன்பா. இன்னொருத்திய எழுதி வளக்க எனக்குப் பொறுமை இல்ல" என்று போன மாதமே சொல்லியிருந்தாள். வங்கியில் புது வேலை, ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அவர் சிரித்து வைத்தார்.

அந்த ஞாயிறு, தன் முறை வந்ததும் வாள்காரி பாழடைந்த கோட்டையில் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே, ஏற்கெனவே அவளிடம் அடிபட்டு ஓடி ஒளிந்த பூதம். அது சாக இன்னும் ஒரே வெட்டு பாக்கி. அவள் நிலைமையும் அதேதான், ஓர் அடி பட்டால் முடிந்தது.

"வாள உருவுறேன், வெட்டுறேன்" என்றாள் மகள், பகடையைக் கையில் எடுத்துக்கொண்டே.

அவசரத்தில் வாளை உறையிலேயே விட்டிருந்தாள். ஆட்டத்தின் சட்டப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் முறை வந்தால் ஒரு வெட்டு, அதோடு சின்னதாக ஒரு கைவேலை சும்மா செய்துகொள்ளலாம். இரண்டாவது கைவேலை செய்தால் வெட்டு போய்விடும். வாளை உருவுவது ஒரு கைவேலை. கதவைத் திறப்பது கைவேலையா இல்லையா என்று புத்தகம் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தது இவர். மூன்று வருஷத்துக்கு முன் தம்பியின் முதல் வீரன் இதே மாதிரி ஒரு கதவில்தான் செத்தான். கதவைத் தள்ளுவதெல்லாம் ஒரு வேலையா என்று தம்பி அன்று மன்றாடினான். இருபது வருஷமாக லிப்ட் கதவோடு மல்லுக்கட்டுகிறவனிடம் வந்து கதவு வேலையில்லை என்கிறாயா என்று இவர் எகிறினார். 'கதவும் ஒரு கைவேலை' என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்றார். இன்று மகளுக்குக் கதவு ஒன்று, வாள் இரண்டு, வெட்டு போச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இப்போது புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கதவு முதலிலேயே கொஞ்சம் திறந்திருந்ததோ என்று இழுத்தார். துருப்பிடித்துச் சாத்தியிருந்தது என்று சற்று முன்பு அவரே சொல்லியிருந்தார்.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. "விடுண்ணா, வெட்டட்டும். என் ஆளு செத்தது செத்தாச்சு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அந்த வார்த்தைக்கு அவர் தம்பியின் காலிலேயே விழுந்திருப்பார். சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் நோட்டை இழுத்து, சிவப்பு வரியையும் அதன் கீழே தன் கையெழுத்தையும் பார்த்துவிட்டாள். அவள் மட்டும் யார் பெற்ற பிள்ளை?

"சித்தப்பாவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமாப்பா? வாள உருவியாச்சு. வெட்டு இல்ல. நீங்க உருட்டுங்க."

"யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சுட்டேன். உருட்டுங்க."

மறைத்து உருட்டினால் ஒரு பொய்யாவது சொல்லலாம். எல்லார் கண்ணெதிரே உருட்ட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டமே. உருட்டினார். பதினெட்டு. பூதத்தின் அடி விழப் பன்னிரண்டே போதும்.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். வாள்காரியின் தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், அம்மா காத்திருப்பாள் என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கே அவர் வாசல் கதவை விரியத் திறந்து, காற்றில் அடைத்துக்கொள்ளாமல் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினார். வருகிறவளுக்கு அந்த ஒரு வேலையாவது மிச்சமாகட்டும். மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகளையும் போட்டார். மூன்று மணிக்குத் தம்பி வந்தான். உள்ளே வந்ததும் கட்டையைக் காலால் நகர்த்தி, வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனான்.

"சாத்தாதடா" என்றார் இவர்.