வுப்பர்டாலில் சுரண்டப்பட்ட சுவர்

என் பெயர் வைத்திலிங்கம் சுகந்தன். வயது ஐம்பது. ஹனோவருக்கு அருகேயுள்ள ஒரு சிறு நகராட்சியில், கட்டட அனுமதிப் பிரிவில் பணிபுரிகிறேன். பழைய கட்டடங்களைப் பார்க்கச் செல்வோருக்காக இத்தளத்தில் நான் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் விடுமுறை உலாக்களைப் பற்றியவை. இது அப்படியன்று. வுப்பர்டாலில் பழைய நாடா நெசவாலை ஒன்றின் கூடத்தை வாடகைக்கு எடுத்து நம்மவர்கள் கோயில் நடத்துகிறார்கள். அந்த ஆலை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. கும்பாபிஷேகத்துக்காக வர்ணம் பூசியபோது அதன் உட்சுவர் ஒன்றை அழித்துவிட்டதாகக் கோயில் சபைத் தலைவி தவமணி அக்காவுக்கு நகராட்சியிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை அவர் நேரில் விளக்கம் அளிக்க வேண்டும். அதற்கு முன் சுவரைப் பார்த்துவரவே சென்ற சனிக்கிழமை புறப்பட்டேன். அக்கா, வர்ணவேலையை முன்னின்று நடத்திய ரூபன் இருவரின் பெயர்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

ஹனோவரிலிருந்து காலை 8.31க்கு விரைவுத் தொடருந்து. முன்பதிவுச் சீட்டு 34.90 யூரோ. அட்டவணைப்படி இரண்டேகால் மணி நேரம். அன்று பதினேழு நிமிடம் பிந்தி, 11.03க்குச் சேர்ந்தது. (பதினேழு நிமிடத்தைத் தாமதம் என்று சொல்வதை இந்நாட்டில் நாம் எப்போதோ நிறுத்திவிட்டோம்.) அங்கிருந்து ஒபர்பார்மன் வரை தொங்கு தொடருந்து. ஆற்றுக்கு மேலே, இரும்புக் கால்கள் தாங்கும் தண்டவாளத்தில் பெட்டிகள் தொங்கியபடி செல்லும். மாதச் சீட்டு வைத்திருப்போருக்குத் தனிக் கட்டணம் இல்லை. பின்கோடி இருக்கையில் அமருங்கள்; அங்குள்ள பெரிய சாளரத்தில் நகரம் பின்வாங்கிச் செல்வதைக் காணலாம். கரும்பலகைக் கல் போர்த்திய வீடுகள், பச்சை அடைப்புப் பலகைகள், கண்ணாடி உடைந்த ஆலைகள். சிலவற்றைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பலவற்றுக்குக் கம்பிவேலி மட்டுமே.

ஒபர்பார்மனிலிருந்து ஆலைக்கு 1.3 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். எனக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. நான்கு மாடிச் செங்கல் கட்டடம். வாசலில், பாதுகாக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் தகடு. அதன் கீழே கோயில் பூசை நேரங்கள்.

அறுபத்திரண்டு வயதான தவமணி அக்கா, முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

"வாங்கோ தம்பி. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. சுவர் எங்கையும் ஓடாது."

"அது ஓடித்தானே போச்சுது அக்கா," என்றார் ஏணியருகே நின்றவர். அவர்தான் ரூபன், சொந்தமாக வர்ணப்பூச்சு நிறுவனம் நடத்துபவர், தொழிலில் தேர்ச்சிப் பட்டம் பெற்றவர்.

சுவரின் நீளம் பதினொரு மீற்றர். ஆலை இயங்கிய காலத்தில் தொழிலாளருக்கான ஒழுங்குவிதிகளைப் பழைய ஜெர்மன் எழுத்தில் அதன்மீது எழுதியிருந்தார்கள். மணியடிக்கும் வேளைகள், பிந்தி வந்தால் தண்டம், தறியருகே பேசத் தடை. அக்காவின் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. பொங்கல் பானைக்குப் பின்னால் அரைவாசி எழுத்துகள் தெரிகின்றன. இன்று அந்தச் சுவர் குறையேதுமற்ற சந்தன நிறத்தில் இருக்கிறது.

வேலை சிரமதானமாக நடந்தது. பத்தொன்பது பேர், இரண்டு சனிக்கிழமைகள். கூலி வாங்காமல், அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ரூபன் சொன்னபடி செய்தார்கள்.

"பழைய பூச்சு செதில் செதிலாக் கிடந்தது அண்ணை. அதுக்கு மேல அடிச்சா ரெண்டு வருசத்தில உரியும். அடிவரைக்கும் சுரண்டி, தேய்ச்சு, பிறகுதான் அடிச்சனாங்கள். சாமி இருக்கிற இடத்தில கள்ள வேலை செய்யேலாது."

மேலே பூசியதோடு நிறுத்தியிருந்தால், புதிய வர்ணத்தை அடுக்கடுக்காக நீக்கி எழுத்துகளை மீட்டிருக்கலாம். இரண்டு சனிக்கிழமையும் சோம்பேறிகள் வந்திருந்தால் அந்த எழுத்துகள் இன்றும் இருந்திருக்கும். வந்தவர்கள் பக்தியோடு வந்தவர்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தேன். ஒரு கோடுகூட எஞ்சவில்லை.

"ஆரோ சட்டம் தெரிஞ்ச ஆளாம்," என்றார் ரூபன். "உள்ளுக்கு அடிக்க விண்ணப்பம், அன்ட்ராக் ஒண்டும் போடத் தேவையில்லையெண்டு அக்காவுக்குச் சொன்னவராம். நல்ல சட்டம்! நானெண்டா ஒரு கக்கூசுக்கும் பாக்காமல் விலை சொல்லமாட்டன். அண்ணை மாதிரி நகராட்சிக் கந்தோரில இருக்கிற ஆளை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"ரூபன், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும். ஏணியைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையும்," என்றார் அக்கா.

அந்த ஆள் நான்தான். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அக்கா அழைத்தார். நான் தொடருந்து மாறுவதற்காக ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளே வர்ணம் பூச விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டார். வெளிமுகத்துக்கு மட்டுமே அனுமதி தேவை என்றேன். ஒரு கட்டடத்தில் எது பாதுகாக்கப்பட்டது என்பதை அதன் பட்டியல் பதிவு சொல்லும். பதிவைப் படிக்காமல் வாய் திறக்கக் கூடாது என்று என் பிரிவில் புதிதாகச் சேர்வோருக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று நான் படிக்கவில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும்: இரண்டாம் பந்தியிலேயே இந்தச் சுவர் இருக்கிறது.

ரூபன் ஏணியோடு உள்ளே போனதும், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"சொல்லி? உங்கட வேலைக்கு அடி விழுறதோ? ஆர் சொன்னதெண்டு நகராட்சியில கேட்டவைதான். எனக்குத்தான் விளங்கேல்லையெண்டு சொன்னனான். எங்களுக்கு விளங்கேல்லையெண்டா அவை உடன நம்புவினம் தம்பி."

என் பணிவிதிகளின்படி, அனுமதியின்றி வெளியாருக்குக் கட்டட ஆலோசனை வழங்கக் கூடாது. அக்காவுக்கு அது தெரியும். கடிதத்தை இருமுறை படித்தேன். தண்டம் சபைக்கன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தவமணி அக்காவுக்கே வரும். அவருடைய கவனக்குறைவு உறுதியானால் வாடகை ஒப்பந்தத்தை முறிப்பதாகக் கட்டட உரிமையாளரும் எழுதியிருக்கிறார். அதன்பின் கும்பாபிஷேகமும் இல்லை, கோயிலும் இல்லை. விசாரித்து, ஒருவர் சொன்னதை நம்பிச் செய்தார் என்றால் நிலைமை வேறு. சுவர் மட்டும் எப்படியும் திரும்பாது.

"வியாழக்கிழமை விளக்கம் சொல்லுற தெர்மீனுக்கு நான் தனியப் போறன். நீங்கள் வரவேண்டாம்," என்றார்.

"சரி அக்கா," என்றேன். 16.14க்குத் திரும்பும் வண்டியில் ஏறி, ஹனோவரில் வண்டி மாறுவதைப் பற்றியும் இருக்கை எண்ணைப் பற்றியும் யோசித்தேன். ஹம் நிலையம் தாண்டியபின்தான் உணர்ந்தேன்: அந்தச் "சரி"யைச் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

இவ்வழி செல்வோருக்குச் சில குறிப்புகள். ஏற்றம் அதிகம்; வழுக்காத சப்பாத்து அணியுங்கள். ஆலைகள் பல தனியாருடையவை, கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். பழைய கட்டடத்தில் கோயிலோ கடையோ மண்டபமோ நடத்துபவர்கள் முதல் வேலையாக அதன் பட்டியல் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உட்சுவர், படிக்கட்டு, கதவுப்பிடி எதுவும் அதில் இருக்கலாம். ஒரு ஆணி அடிப்பதானாலும் நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வந்த பதிலை மட்டும் நம்புங்கள். சொந்தக்காரர், தெரிந்தவர், கந்தோரில் இருப்பவர் என்று யாரிடமும் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சுரண்டியை எடுக்காதீர்கள்.

நாளை காலை எட்டு மணிக்கு, நடந்ததை எழுதி என் பிரிவுத் தலைவரிடம் கொடுப்பேன். இன்று மாலை ரூபனை அழைத்து, அவர் ஏசிய ஆள் யார் என்று சொல்வேன். வியாழக்கிழமை 9.30க்கு, அக்கா தடுத்தாலும், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அந்தப் பதிலைச் சொன்னவன் நான் என்று கையொப்பமிட்டுக் கொடுப்பேன்.