பிலோமினா மேடம் வைத்த காதுப் பரீட்சை

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் மாணவர்கள் ஊசலின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பிலோமினா மேடம் காலமாகிவிட்டார். இயற்பியல் துறையில் பதினாறு ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அவரை அறிந்த உங்களுக்கு, கல்லூரிக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சோமனூரில் விசைத்தறி நடத்தும் என் அக்காவின் கணவர், கோவையில் கட்டிய புது வீட்டுக்கு வெளிநாட்டு ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கினார். ஆளுயரம், செதுக்கிய மரம், செம்பு விளிம்பு. கார் வாங்கும் விலை. புதுமனை விருந்தில் எல்லோர் முன்னாலும், "தறிச் சத்தத்துல கெட்ட காதுக்கு இதெல்லாம் எதுக்குங்க மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதன்பின் நான் போனால் பாட்டே போடமாட்டார்.

இதைத் துறையில் பெருமையாகச் சொன்னேன். மேடம் விடைத்தாளிலிருந்து தலைதூக்கினார்.

"அம்மணி, நீ அதுல பாட்டுக் கேட்டியா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வா, கேட்டுப்போட்டு வரலாம்."

ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். என் வீட்டு மலிவு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டோம். கல்லூரி ஒலிப்பதிவு அறையிலிருந்து லட்சணமில்லாத கறுப்புப் பெட்டி ஜோடி ஒன்றையும் இரவல் வாங்கியிருந்தார். அந்த ஸ்பீக்கரின் விலை மாமா கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மாமா வீட்டுக் கூடத்தின் குறுக்கே போர்வையைக் கட்டி, மூன்றின் சத்தத்தையும் மீட்டர் வைத்து ஒரே அளவாக்கினார். திரைக்குப் பின்னால் அக்கா ஒரே நாதசுர வாசிப்பை மாற்றி மாற்றிப் போட, எது எதுவென்று நானும் மாமாவும் எழுதினோம்.

முதலில் மாமாவுடையதும் என்னுடையதும். நான் பாதிக்கு மேல் தவறு. மாமா பத்துக்கு ஒன்பது.

"எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?" மேடம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"நாதசுரக்காரர் ஊதறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறாருங்க. இன்னொண்ணுல அது வரலைங்க. அத்தனை தறிச் சத்தத்துல எந்தத் தறியில நூல் அறுந்துச்சுன்னு கேட்டுப் பழகுன காதுங்க இது."

எனக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கோங்க மாமா" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மேடம் விடவில்லை. அடுத்து மாமாவுடையதும் கறுப்புப் பெட்டியும். மாமா கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பத்துக்கு ஐந்துதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். அக்கா போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கும் வித்தியாசம் தெரியலைங்க. காதுக்குக் கறுப்புப் பெட்டியே போதும், மிச்ச விலை கண்ணுக்கு" என்றார் மேடம். "அது தகுமா தகாதான்னு என் மீட்டர் சொல்லாது. நீங்கதான் சொல்லோணும்."

மாமா போர்வையை விலக்கி அந்தச் செதுக்கு மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அழகா இருக்குதுங்களே மேடம். பார்த்துக்கிட்டே கேக்கறேன்." என்னிடம் திரும்பி, "உக்காரு கண்ணு, ஒரு பாட்டுக் கேட்டுப்போட்டுப் போ" என்றார்.

மேடத்தின் நல்லடக்கத்துக்கு மறுநாள், வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "தெரியலையே, செஞ்சு பார்க்கலாமா?" என்றேன். சொல்லும்போது கூச்சமாக இல்லை, ஆசையாக இருந்தது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஆசைதான்.