ஆறாவது மாடியில் விரித்த ஆட்டுத்தோல்

அத்தையோடு துணிக்கடைக்குப் போவதென்றால் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இரண்டு புடவைகளை இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு அத்தை நின்றால் நின்றதுதான். கடைக்காரர் பாதி விளக்கை அணைத்துக் காட்டுவார். கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவோம். இதில் வேடிக்கை, அத்தைக்கு வேலையே முடிவெடுப்பதுதான். எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்தபடி, அரிசியை விடச் சின்னச் சில்லுகளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போடுவார். அவர் கண்ணுக்குத் தப்பிய பழுது கிடையாது என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள். அதை வரவேற்பறையில் வைப்பதா, படுக்கையறையில் வைப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், ரொம்ப நாள் அது சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட அத்தையை ஒருவர் பெண் கேட்டுவிட்டார்.

அவர் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் டயர் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஐந்து வயதில் ஒரு மகள். எங்கள் சபையும் அவர்கள் சபையும் சேர்ந்து நடத்திய கிறிஸ்துமஸ் விழாவில்தான் அத்தையைப் பார்த்திருக்கிறார். அந்த விழாவில் நான் பெத்லகேம் ஆடுகளில் ஓர் ஆடு. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மொசுமொசுவென்ற வெள்ளைக் கால்மிதியில் நாடா தைத்து, என் முதுகில் கட்டிவிட்டவர் அத்தை. மேடையில் நான் தவழ்ந்தபோது நாடா அவிழ்ந்து தோல் கழன்று விழுந்தது. சிரிக்கிற சபையைப் பொருட்படுத்தாமல் அத்தை மேடையேறி, மறுபடியும் என்னை ஆடாக்கிவிட்டு இறங்கினார். அதைப் பார்த்துத்தான் டயர் கடைக்காரருக்கு அத்தையைப் பிடித்துப்போனதாம். ஆக, இந்தக் கதையில் என் முதுகுக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் நேராக அப்பாவிடம் வந்து கேட்டார். அப்பா தன் தங்கையிடம் கேட்டார். அத்தை, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேண்ணே" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது என்று பொருள். ஜனவரி பிறந்தது. அத்தை ஜெபித்துக்கொண்டே இருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்ட பெண்ணுக்கு இதை விட்டால் வேறு எது வரும் என்று சபையில் எல்லாரும் அவர் காதில் விழும்படியாகக் கவலைப்பட்டார்கள். கடைசியில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் பிள்ளையோட நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாரு. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஒருத்தர இப்படி இழுத்தடிக்கக் கூடாதுலா."

அந்த வாரம் அத்தைக்கு ஆலோசனைகள் குவிந்தன. கடலுக்கு அக்கரையில் ஒரு வெளிச்சத்தைக் கர்த்தர் காட்டினார் என்றார் பாடகர் குழுவில் ஒருவர். தண்ணீரைத் தாண்டாதே என்ற சத்தம் தனக்குக் கேட்டதாக இன்னொருவர் சொன்னார். அத்தை இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

அத்தை ஏன் அப்படித் தவித்தார் என்பது எனக்குத் தெரிய வந்தது வெகு காலம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னபோதுதான். நான் கைக்குழந்தையாகத் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் சபையில் கித்தார் வாசிக்க ஒருவர் வந்தாராம். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குக் கனவில் அத்தையைக் காட்டினார் என்று சாட்சி சொன்னாராம். கர்த்தரே காட்டிய பிறகு யார் மறுப்பது? நிச்சயம் நடந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் கர்த்தர் தன்னைப் பொறுக்கச் சொல்கிறார் என்றாராம். அடுத்த மாதம், கர்த்தர் வேறு வழி காட்டிவிட்டார் என்றாராம். அந்த வேறு வழி, கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருந்த ஒரு பெண். ஒருவன் தன் மனம் மாறிப் போனால் அவனைத் திட்டித் தீர்க்கலாம். அவன் பழியைக் கர்த்தர் மேல் போட்டுவிட்டுப் போனால் அத்தை யாரைத் திட்டுவார்? அவர் அடுத்த ஞாயிறும் கோயிலுக்குப் போய், வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தாராம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இதெல்லாம் தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளையான நான், அந்த வாரம் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையைச் சாப்பாட்டு மேசையில் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். போருக்குப் போகப் பயந்த ஒருவர், கடவுள் தன்னோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளக் களத்திலே ஓர் ஆட்டுத்தோலைப் போட்டுவைக்கிறார். முதல் இரவு தோல் மட்டும் பனியில் நனைந்திருக்க வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். அப்படியே நடக்கிறது. அப்போதும் நம்பிக்கை வராமல், மறுநாள் தோல் காய்ந்தும் தரை நனைந்தும் இருக்கட்டும் என்கிறார். அதுவும் நடக்கிறது.

"கடவுளுக்கு எவ்வளவு பொறுமை பாரு" என்று அப்பா அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அலமாரியைத் திறந்து என் ஆட்டுத்தோலை எடுத்தார். ஜெலுத்தோங்கில் ஆறாவது மாடி வீட்டில் வேறு ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? வாசலுக்கு வெளியே நடைபாதையில் அதை விரித்தார். தோல் நனைந்து தரை காய்ந்திருந்தால் சம்மதம் சொல்வது என்று ஏற்பாடு.

"கூரைக்குக் கீழ எப்படிலா பனி பெய்யும்?" என்றார் அப்பா.

"பெய்யலன்னா அதுவும் ஒரு பதில்தானே அண்ணே."

நான் அத்தையோடு ஒரே கட்டிலில் தூங்குகிறவள். அவர் போய்விட்டால் எனக்குத் தலை பின்னிவிட யாரும் இல்லை. அதனால் தோல் காய்ந்தே இருக்க வேண்டும் என்று போர்வைக்குள் ஜெபித்துக்கொண்டேன்.

விடிவதற்கு முன்னால், தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்பிய அத்தை கதவைத் திறந்தார். நானும் பின்னால் ஓடினேன். தரை காய்ந்துதான் இருந்தது. தோலைக் காணோம். நனைந்தால் ஆம், காய்ந்தால் இல்லை. காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று கதையில் சொல்லப்படவில்லை. அத்தை சீருடையோடு வாசலில் திகைத்து நின்றார்.

அப்போது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் பேசினை ஏந்திக்கொண்டு வந்தார். அதில் என் ஆட்டுத்தோல் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. தன் காப்பிக் கடையை அடைத்துவிட்டு இரவு திரும்பியபோது பார்த்தாராம். "கொத்தோர் லா" என்று மூக்கைச் சுருக்கினார். அழுக்காக இருந்ததாம். பாவம், மறந்து போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று தன் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டாராம். அத்தை அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, காய்ந்த தரையைப் பார்த்தார். தோலைப் பார்த்தார்.

"நனைஞ்சிருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றார் அம்மா.

"இது பனி இல்லலா, சோப்புத் தண்ணி" என்றார் அப்பா. கீழே பேருந்து ஹாரன் அடிக்கவே, பேசினை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை ஓடினார்.

அன்று சாயங்காலம் அப்பா ஆன்ட்டியிடம் போய், இது எங்கள் ஜெப விஷயம், மறுபடியும் வெளியே போடுவோம், எடுக்க வேண்டாம் என்று மலாயில் விளக்கினார். ஆன்ட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வருத்தப்பட்டார். தன் வாசலில் சிவப்புப் பீடம் வைத்துத் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறவர் அவர். சாமி விஷயம் என்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளி இரவு அத்தை, காய வைத்த தோலை மறுபடி விரித்தார். இந்த முறை தோல் காய்ந்து தரை நனைய வேண்டும்.

ஜனவரியில் எப்போதாவதுதான் மழை. அன்றைக்கு வந்தது. காற்று சாரலை நடைபாதை முழுக்க அடித்தது. காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். நடுவில் என் ஆட்டுத்தோல் ஒரு முக்காலியின் மேல், பிளாஸ்டிக் மேசை விரிப்பால் மூடப்பட்டு இருந்தது. விரிப்பு பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள். அத்தை விரிப்பை விலக்கித் தொட்டுப் பார்த்தார். தோல் அப்பளம் போலக் காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆன்ட்டி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரெண்டும் நடந்துருச்சு. இதுக்கு மேல கர்த்தர் என்ன பண்ணணும்?" என்றார் அம்மா.

"ரெண்டையும் ஆன்ட்டிதான் பண்ணாங்க. அந்த மனுஷன அவங்களையே கட்டிக்கச் சொல்லு" என்றார் அப்பா.

அத்தை ஒரு பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்பணும்னு ஆசையாத்தான் இருக்கு அண்ணி. ஆனா முன்னயும் இப்படித்தானே நம்புனோம்" என்றார். அப்பாவும் அதன் பிறகு கேலி செய்யவில்லை. எல்லாரும் ஏன் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பழத்தை உரித்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து டயர் கடைக்காரர் தன் மகளோடு வந்தார். கைவிரல் ஓரங்களில் டயர்க் கறுப்பு, எவ்வளவு தேய்த்தும் போகாத மாதிரி இருந்தது. அவருடைய மகள் வந்ததும் வராததுமாக என் ஆட்டுத்தோலின் மேல் படுத்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அத்தை யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினார். கோழிக் குழம்பு இரண்டு முறை வந்தது, சோறு வர மறந்தது. பதில் இன்னும் அவரிடம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் அம்மாதான் எங்கள் சபையில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நீங்க ஜெபம் பண்ணியிருப்பீங்கதானே தம்பி? கர்த்தர் உங்களுக்கு என்ன காட்டினாரு?"

சமையலறை வாசலில் அத்தை கரண்டியோடு நின்றுவிட்டார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

டயர் கடைக்காரர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

"ஜெபம் பண்ணேங்க்கா. தினம் பண்ணேன். ஒண்ணும் காட்டல."

அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தார்.

"கனவு இல்ல, வசனம் இல்ல, ஒண்ணுமே இல்லங்க்கா. எனக்கு இவங்கள பிடிச்சிருந்துச்சு. என் பிள்ளைய நல்லா பாத்துக்குவாங்கன்னு தோணுச்சு. அதான் கேட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு ஏதாச்சும் தப்பா போனா அது என் தப்புங்க்கா. கர்த்தர்தான் சொன்னாருன்னு அவர் மேல போட மாட்டேன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பாடகர் குழுவுக்கு வெளிச்சம் காட்டிய கர்த்தர், எங்களுக்குக் கதவைத் திறந்தால் அடையாளம் தரும் கர்த்தர், இவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இதை வெளியே சொல்லலாமா? ஞாயிறு பள்ளியில் தெரியாது என்று சொன்னால் நட்சத்திரம் கிடையாது. சரி, இனிக் கல்யாணம் இல்லை, அத்தை தப்பித்தார், நானும் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை கரண்டியோடு வந்து, முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"பிள்ளை உறைப்பு சாப்பிடுவாளா?"

"கொஞ்சமா சாப்பிடுவா."

"அப்ப குழம்பு வேணாம். நான் முட்டை பொரிச்சுத் தர்றேன்" என்று அத்தை உள்ளே போனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முட்டை பொரிப்பதற்கு அழுவானேன் என்று நான் என் தட்டை நகர்த்தி எனக்கும் ஒன்று கேட்டேன்.

ஈஸ்டர் முடிந்து புக்கிட் மெர்தாஜாமில் கல்யாணம் நடந்தது. இப்போதும் மாமா கர்த்தர் சொன்னார் என்று எதையும் சொல்லிக் கேட்டதில்லை. அத்தை இப்போதும் புடவைக் கடையில் நின்றால் நின்றதுதான். மாமா பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. விருந்தாளிகள் போன பிறகு குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அன்று என் முறை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாருக்காகவும் வழக்கம்போல ஜெபித்துவிட்டு, கடைசியில் டயர் கடை மாமாவுக்காகவும் ஜெபித்தேன். ஆண்டவரே, அவர் நல்லவர், தினமும் ஜெபம் பண்ணுகிறார், அவரிடமும் ஒரே ஒரு முறை பேசும், பேசியிருந்தால் அத்தை சம்மதம் சொல்லியிருப்பார் என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அந்த நல்ல மனிதரை வேண்டாமென்று சொல்ல நேர்ந்ததற்காக அழுகிறார் என்று எண்ணி, கண்ணை மறுபடி மூடிக்கொண்டு அத்தைக்கு ஆறுதல் தரும்படி இன்னும் கொஞ்ச நேரம் ஜெபித்தேன்.