டாக்டரிடம் கேட்க வேண்டியது

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சில மாதங்களாக அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புட்டிப்பால் கொடுப்பதுகூட நின்றபடிதான். குழந்தையை இடது கையில் ஏந்திக்கொண்டு, ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொள்வாள். அப்படி நிற்கும்போது உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் அடங்குகிற மாதிரி தெரிந்தால் உடனே கால் மாற்றுவாள். டிபன் டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்து நின்றே சாப்பிடுவாள். குழந்தைகள் தூங்கும் மத்தியான வேளையில் மற்றவர்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டினால், இவள் காய்ந்த துணிகளை எடுத்து வைத்து மடித்துக்கொண்டிருப்பாள்.

புட்டி கழுவும் பெண்தான் அவளுக்குக் கொக்கக்கா என்று பெயர் வைத்தாள். "என்னக்கா, மீன் ஏதாவது மாட்டுச்சா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

"உன்னைத்தான் பாத்துட்டு நிக்கிறேன். நீதான் நழுவிக்கிட்டே இருக்கே."

புட்டி கொடுப்பவர்கள் சுவரோரத்துத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பொறுப்பாளர் அம்மாள் அதில் ரொம்பக் கறார். இவள் விஷயத்தில் மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களிடம், "அவளைப் பாருங்க. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் முதுகு சாயாது. வேலைன்னா அப்படி இருக்கணும்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிடுவாள்.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். அதுதான் விஷயம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள், விதிப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கழுத்து நின்ற பெண் குழந்தை. புட்டி தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் விழித்தாள். எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியவில்லை. மடியிலிருந்த குழந்தை சரிந்து, அதன் முகம் அவளுடைய வயிற்றுத் துணிக்குள் புதைந்து கிடந்தது. வாரி எடுத்தாள். அது சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு வீறிட்டது. அடுத்த அறையில் இருந்தவர்கள் பசி அழுகை என்று நினைத்திருப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்துதான் இந்த நிற்பு.

வீட்டில் அவளுடைய குறட்டை வெகுகாலமாகக் கேலிப்பொருள். "அப்பா, லாரி கிளம்பிடுச்சு" என்று மகள் குரல் கொடுப்பாள். ஒரு பெண் குறட்டை விடுகிறாள் என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, உறவுக்காரர்கள் வீட்டில் இரவு தங்குவதையே அவள் விட்டிருந்தாள். கணவரும் கேலி செய்தவர்தான். ஆனால் குறட்டை நடுவில் அறுந்து, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறவளைப் போல அவள் திணறுவதைக் கவனித்த பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கச் சொல்லிச் சோதித்தார்கள். ஸ்லீப் ஆப்னியா, அதுவும் கடுமையாகவே இருக்கிறது என்று முடிவு வந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம். ராத்திரி முழுக்கப் படுத்தாலும் அது தூங்கின கணக்கில் சேராதாம். தூங்கும்போது முகத்தில் மாஸ்க் மாட்டி மெஷினால் காற்றுச் செலுத்துவார்களாம், அதைப் பற்றிப் பேச சனிக்கிழமை வரச் சொன்னார்கள். "டாக்டருக்கு நேரம் இருக்காது. கேக்க வேண்டியதை எழுதிக்கிட்டு வந்துடுங்க" என்றார் நர்ஸ்.

முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணவரும் மகளும் உட்கார்ந்தார்கள். அவள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"முதல்ல மூக்கு" என்றார் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவர். உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் மூக்கில் உட்காருவது, வழுக்குவது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர். "இவளுக்கு மூக்குத்தண்டு தட்டை. எந்த மாஸ்க் வச்சாலும் இறங்கும். மூக்குக்கு மட்டும் போடுறதா, வாயையும் சேத்து மூடுறதான்னு எழுது. தழும்பு விழுமான்னு எழுது."

"இத்தனை வருசத்துல என் மூக்கு தட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா?"

"தொழில் ரகசியம்."

மகள் எழுதிக்கொண்டே போனாள். காற்று மெஷின் சத்தம் போடுமா. பாதியில் கரண்ட் போனால் மூச்சு அடைக்குமா. வாய் காய்ந்தால் என்ன செய்வது. பல்லில் மாட்டிக்கொள்கிற கிளிப் மாதிரி ஒன்று இருக்கிறதாமே, அது போதாதா. உடம்பு இளைத்தால் இதெல்லாம் தேவைப்படாதா.

"ஆயுசுக்கும் போடணுமான்னு கேளு" என்றார் அவர். "இல்ல, அதைக் கடைசியில எழுது."

மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, உனக்காகத்தான் எழுதுறோம். நீ ஒண்ணுமே சொல்லலையே?"

அவளிடம் இருந்தது ஒரே கேள்வி. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா? கேட்டால் பதில் வந்துவிடும். கூடாது என்று வந்தால் வேலை போய்விடும். கைக்குழந்தை அறைக்கு வெளியே தனக்கு எதுவும் தெரியாது என்பது அவள் எண்ணம். கேட்காமல் விட்டால், துணிக்குள் புதைந்து கிடந்த அந்த முகம் விடமாட்டேன் என்கிறது.

"மாஸ்க்கைத் தினமும் கழுவணுமான்னு எழுதிக்கோ" என்றாள்.

"நீ கழுவுறதுலயே இரு" என்று சொல்லிக்கொண்டே மகள் அதையும் எழுதினாள்.

டாக்டர் நர்ஸ் சொன்ன அளவுக்கு அவசரக்காரராக இல்லை. தாளை வாங்கி மேலிருந்து கீழே வரைக்கும் படித்துவிட்டுப் பதில் சொன்னார். மூக்குக்கு மட்டும் போடும் மாஸ்க்கை முதலில் பார்க்கலாம். பல்லுக்கு மாட்டும் கருவி இந்த அளவு கோளாறுக்குப் போதாமல் போகலாம். கரண்ட் போனால் காற்று வராது, ஆனால் மூச்சு விட மாஸ்க்கிலேயே வழி இருக்கிறது, கழற்றிவிடலாம். இளைத்தால் நல்லது, அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. மாஸ்க்கைத் தினமும் கழுவத்தான் வேண்டும். கணவர் மூக்குத்தண்டைப் பற்றி விளக்கியபோது டாக்டர் தன்னுடைய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பகல்ல தூக்கம் வருதா? வேலை பாக்குற இடத்துல?"

"சேச்சே" என்றார் கணவர். "இவ அங்க உட்காரவே மாட்டா டாக்டர். பொறுப்பாளரே இவளைக் காட்டித்தான் மத்தவங்களுக்குப் பாடம் எடுப்பாங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அதன் முனை தாளை நோக்கி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கியிருக்கேன்" என்றாள். "மடியில குழந்தை இருந்துச்சு."

கணவர் அவள் பக்கம் திரும்பியது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. நாற்காலி, புட்டி, சரிந்த தலை, எல்லாவற்றையும் மேசை விரிப்பிடம் சொல்வது போலச் சொன்னாள். "இப்பல்லாம் நின்னுக்கிட்டேதான் கொடுக்கறேன். நின்னா தூக்கம் வராதில்ல டாக்டர்?"

"நின்னுக்கிட்டும் தூங்குவாங்கம்மா. கண்ணு ஒரு தடவை சொருகினாப் போதும். உட்கார்ந்திருந்தா குழந்தை மடியிலதான் விழும். நின்னுக்கிட்டிருந்தா?"

தான் இத்தனை மாதம் செய்துவந்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மாஸ்க் பழகி, பகல் தூக்கம் விட்டுப் போகிற வரைக்கும் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். பழகினால் திரும்பத் தூக்கலாமா என்று கேட்டாள். "பெரும்பாலானவங்களுக்குக் குறையும். உங்களுக்கு எப்படின்னு போட்டுப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் கணவர் கேள்வித் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேலையை விடுன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்." பஸ் வந்தது. முதலில் அவளை ஏறவிட்டு, இடம் பார்த்து உட்காரவைத்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை காலையிலேயே பொறுப்பாளர் அம்மாளின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பாப்பாவோட அம்மாகிட்ட நானே சொல்லிடுறேங்க" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேச வேண்டியவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ இன்னையிலேருந்து நடக்கிற பிள்ளைங்க பக்கம் போயிடு."

வேலை போகவில்லை. மாஸ்க் முதலில் படுத்தி எடுத்தது. கணவர் ராத்திரிக்கு ராத்திரி வாரை இழுத்துச் சரிசெய்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பகலில் கண் இமைகளின் கனம் குறைந்தது. காலையில் அந்தப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாய் எதிர்ப்பட்டால் மட்டும் அவள் துணிக்கூடைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். அந்தத் தாயோ எப்போதும் போல் சிரித்துவிட்டுப் போனாள். தெரிந்த பிறகும் ஒருத்தியால் இப்படிச் சிரிக்க முடிகிறதே, எப்பேர்ப்பட்ட மனசு என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தத் தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தாள்.

"இடுப்பு வலி எப்படிக்கா இருக்கு? சீக்கிரம் குணமாகி வாங்க. பாப்பாவை உங்க கையிலதான் கொடுக்கணும்னு மேடம்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

இடுப்பு வலி என்றுதான் எல்லாத் தாய்மார்களிடமும் சொல்லப்பட்டிருந்தது.